கனமான ஆட்களுக்கு எந்தக் கேட்டமரான்? முதல் படகு வாங்கப் போகிறவர்களுக்கு

இருவர் சேர்ந்து தராசில் ஏறினால் 180, 200 கிலோவைத் தொடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கூட்டாளியும் அந்த வகைதான். கரையிலிருந்து தள்ளி இறக்கும் சின்ன கேட்டமரான் ஒன்று வாங்க ஆசைப்பட்டபோது எங்களுக்குக் கிடைத்த அறிவுரை இரண்டே வகை. "படகு முந்நூறு கிலோவுக்கு மேலேயே தாங்கும், கவலையே படாதீர்கள்" என்றார்கள் சிலர். "உங்கள் உடம்புக்கு இதெல்லாம் சரிவராது" என்றார்கள் மற்றவர்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். எடை கூடியவர்களுக்குப் பொருந்தும் படகு நிச்சயம் இருக்கிறது. காற்று நன்றாக அடிக்கும் நாளில் அந்த எடையே பெரிய பலம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமரம் என்ற நம் சொல்தான் வெளியே போய்க் கேட்டமரான் என்று திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இங்கே பேசுவது மரங்களைச் சேர்த்துக் கட்டியதைப் பற்றி அல்ல. ஒல்லியான இரண்டு ஹல், அவற்றை இணைக்கும் இரண்டு குறுக்குக் குழாய்கள், நடுவே இறுக்கிக் கட்டிய டிராம்போலின் வலை, முன் குழாயின் மேல் நிற்கும் பாய்மரம், இவ்வளவுதான் படகு. ஹல் என்பது தண்ணீரில் மிதக்கும் நீண்ட பகுதி. படகின் உடல் என்று எழுதியிருக்கலாம். நம் உடலைப் பற்றியும் நிறையப் பேச வேண்டியிருப்பதால் ஹல் என்றே வைத்துக்கொள்கிறேன். முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று கடலோரச் சொற்களே போதும்.

முதலில் தராசு

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் எடையை வைத்துப் படகு வாங்கக் கூடாது. நம்மோடு படகில் ஏறும் அத்தனையும் கணக்கு: மிதவை அங்கி, டிராபீஸில் (பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் மாட்டிப் படகுக்கு வெளியே சாய்ந்து நிற்பது) தொங்குவதற்கான இடுப்புக் கச்சை, ஷூ, தண்ணீர் பாட்டில், பை. நனைந்த பிறகு துணியும் அங்கியும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கனக்கும். நாங்கள் இருவரும் 188 கிலோ என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கரையேறியதும் எல்லாவற்றையும் மாட்டியபடி, சொட்டச் சொட்ட ஒவ்வொருவராகத் தராசில் நின்று பார்த்தோம். கூட்டினால் 201. இந்த ஈர எடையைத்தான் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், எப்போதும் இருவர்தானா, மூன்றாவதாக யாராவது அடிக்கடி வருவார்களா என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். 'எப்போதாவது ஒருவர்' என்று சொல்லிக்கொள்வோம். படகு வந்த பிறகு எல்லா ஞாயிறும் அந்த ஒருவர் வந்து நிற்பார்.

தாங்குவது வேறு, ஓடுவது வேறு

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். தயாரிப்பாளர்கள் தரும் அதிகபட்ச எடை என்பது படகு பாதுகாப்பாக மிதக்கும் எல்லை. அந்த எடையோடு படகு நன்றாக ஓடும் என்று அதற்குப் பொருள் இல்லை.

ஹோபி 16 உலகம் முழுக்கப் புழங்கும் படகு. 5.11 மீட்டர் நீளம், 2.41 மீட்டர் அகலம், எடை 145 கிலோ. அதற்குச் சொல்லப்படும் எல்லை 363 கிலோ. நான்கு மீட்டர் நீளமே உள்ள ஹோபி வேவ் படகுக்கும் அதே 363 கிலோதான். ஆனால் வேவின் பாய் ஹோபி 16 பாய்களில் பாதிகூட இல்லை. 200 கிலோவை ஏற்றினால் இரண்டும் மிதக்கும்; இரண்டும் ஒரே மாதிரி ஓடாது.

இதைவிட உதவும் எண் பந்தய விதிகளில் கிடைக்கும். ஹோபி 16 பந்தயத்தில் இருவரும் சேர்ந்து குறைந்தது 129.3 கிலோ இருக்க வேண்டும். வெற்றிக்காக ஓட்டுகிறவர்கள் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கப் பார்ப்பார்கள். அதாவது, படகு தன் முழு வேகத்தைக் காட்டுவது அந்த எடையில்தான். 200 கிலோ ஆட்கள் என்றால் அதற்கு மேல் 70 கிலோ. கூடுதலாக இன்னொரு ஆளையே ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

அந்த 70 கிலோ என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹல் 5 மீட்டர் நீளம், தண்ணீர் மட்டத்தில் 25 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். இரண்டு முனையும் கூர்மையாகக் குறுகுவதால் உண்மையில் மூன்றில் இரண்டு பங்குப் பரப்புதான் தேறும். இரண்டு ஹல்லுக்கும் சேர்த்து ஒன்றரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் 16, 17 கிலோ ஏற்றும்போதெல்லாம் படகு ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 70 கிலோவுக்கு நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் ஒல்லியான ஹல்லில் அந்த நாலு சென்டிமீட்டர்தான் அமரம் தண்ணீருக்கு மேலே நிற்பதா, உள்ளே இழுபடுவதா என்று தீர்மானிக்கிறது.

எங்கள் முதல் படகில் இதைக் கண்ணால் பார்த்தேன். மெல்லிய காற்று. சுக்கானைப் பிடித்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தால், அமரத்தின் அடியில் தண்ணீர் சுழன்று குமிழி குமிழியாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. குடத்தில் தண்ணீர் மொள்ளும்போது வருமே, அந்த 'களக் களக்' சத்தம். பக்கத்தில் போன இளைஞர்களின் படகுக்குப் பின்னால் தண்ணீர் துணியை இழுத்துவிட்டது போல வழவழவென்று பிரிந்தது, சத்தமே இல்லை. நானும் கூட்டாளியும் முன் குழாய்க்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்ததும் எங்கள் பக்கமும் சத்தம் பாதியாகக் குறைந்தது. பாய், கயிறு, காற்று எதுவும் மாறவில்லை; வேகம் மட்டும் கூடியது.

காற்று கூடினால் கணக்கு தலைகீழ்

எடை எப்போதும் பாரம் அல்ல. பாயைக் காற்று சாய்க்கப் பார்க்கும். காற்று வரும் பக்கத்து ஹல்லில் உட்கார்ந்து அதை அழுத்திப் பிடிப்பது நம் எடை. ஒரு பக்க ஹல்லின் நடுவிலிருந்து மறுபக்க ஹல்லின் நடுவுக்கு 2.2 மீட்டர் என்று வைப்போம். எடையைத் தூரத்தால் பெருக்கினால், 130 கிலோ ஆட்கள் தரும் பிடிமானம் 286. படகின் சொந்த எடை 145 கிலோ, பாதித் தூரத்தில் இருப்பதால் அது தருவது 160. மொத்தம் 446. அதே படகில் 200 கிலோ உட்கார்ந்தால் 440-உம் 160-உம் சேர்ந்து 600. மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கூடுதல் பிடிமானம். எடை குறைந்தவர்கள் பாயைத் தளர்த்தி, காற்றை வீணாக விட்டுக்கொண்டிருக்கும்போது நாம் பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராகப் போகலாம்.

ஆகவே அடுத்த கேள்வி: நீங்கள் ஓட்டப் போகும் இடத்தில் வழக்கமாக எவ்வளவு காற்று? பெரும்பாலான நாட்களில் 15 நாட்டுக்கு (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) மேல் என்றால் ஹோபி 16 போன்ற படகிலேயே 180 கிலோ ஆட்கள் சந்தோஷமாக ஓட்டலாம். எப்போதும் 6, 8 நாட்தான் என்றால், நீளமும் பருமனும் கூடிய ஹல், பெரிய பாய் இரண்டும் கட்டாயம். ஒரு முழுப் பருவம் கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பலமாக வீசிய ஒரே ஒரு ஞாயிறை நினைவில் வைத்துக்கொண்டு படகு வாங்க வேண்டாம்.

ஹல்லை எப்படிப் பார்ப்பது

கரையில் நிற்கும் படகின் அணியத்துக்கு முன்னால் போய்க் குனிந்து பாருங்கள். முன்பகுதி உயரமாகவும் நிறைவாகவும் இருக்கிறதா, கத்திபோல மெலிந்து இருக்கிறதா? காற்றோடு வேகமாகப் போகும்போது பாய் படகை முன்பக்கமாக அமுக்கும். அணியத்தில் மிதக்கும் கன அளவு குறைவாக இருந்தால் அது தண்ணீருக்குள் குத்தி, படகு தலைகுப்புறப் புரண்டுவிடும். ஹோபி 16-இன் வாழைப்பழ வடிவ ஹல் இதற்குப் பேர்போனது. ஆட்கள் பின்னால் நகர்ந்து இதைத் தடுப்பார்கள். எடை கூடியவர்கள் பின்னால் போனால் அணியம் தூக்கும், சரி, ஆனால் அமரம் அமுங்கி இழுபடும். அமரமும் கொஞ்சம் அகலமாக, பருமனாக இருப்பது நமக்கு அதனால்தான் முக்கியம். கத்திபோல் முடியும் அமரம் நமக்கு ஆகாது.

அடுத்தது டேகர்போர்டு. ஹல்லுக்குள் செங்குத்தாக இறக்கி ஏற்றும் பலகை. படகு பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்வது இது. ஹோபி 16-இல் இது இல்லை. ஹல்லின் வடிவமே அந்த வேலையைச் செய்கிறது. டார்ட் 18-இல் ஹல்லின் அடியிலேயே சிறு தண்டுபோலக் கட்டியிருப்பார்கள். பலகை இல்லாத படகை மணலில் அப்படியே ஏற்றிவிடலாம், புதியவருக்கு அது வசதி. ஆனால் கனமான ஆட்கள் காற்றை எதிர்த்துப் போகும்போதும் திருப்பும்போதும் பலகை உள்ள படகுதான் நன்றாகக் கேட்கும். கூடுதல் எடை உள்ள படகு திருப்பத்தின் நடுவில் வேகம் இழந்து காற்றுக்கு எதிரே நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம். பலகை இருந்தால் அதையே அச்சாக வைத்துச் சுழன்றுவிடும். என் தேர்வு, 190 கிலோவுக்கு மேல் என்றால் பலகை உள்ள படகுதான்.

எந்தப் படகுகள்

150 முதல் 180 கிலோ வரை என்றால் ஹோபி 16 போதும், காற்று இருக்கும் இடமாக இருந்தால். உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும், கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்கும். டார்ட் 18 நீளத்தில் 5.5 மீட்டர், பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் படகு 130 கிலோதான், பாயும் 16 சதுர மீட்டர்தான். பெயரில் உள்ள 18-ஐப் பார்த்து ஏமாற வேண்டாம். மெல்லிய காற்றில் கனமானவர்களைத் தூக்கிப் போகும் பாய்ப் பரப்பு அதில் இல்லை.

180-க்கு மேல் 220 வரைக்கும் நான் முதலில் தேடச் சொல்வது ஹோபி 18. 1976-இல் வந்த படகு, எடை 181 கிலோ, பாய்ப் பரப்பு சுமார் 22 சதுர மீட்டர், டேகர்போர்டு உண்டு, ஹல் பருமன். பழைய படகுதான், ஆனால் கனமானவர்களுக்கு இவ்வளவு பொறுமையாக இடம் கொடுக்கும் படகை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் சிறகுபோல நீட்டிய இருக்கையோடு வந்த வகையும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம். நாக்ரா 5.8, பிரிண்டில் 19 இரண்டும் 5.8 மீட்டர் அளவில் இன்னும் வேகமானவை. ஒரு பருவம் பழகியவர்களுக்குச் சரி.

ஃபார்முலா 18 வகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது ஒரே ஒரு படகு அல்ல, ஒரு விதிமுறை. நீளம் 5.52 மீட்டர், அகலம் 2.60, குறைந்தபட்ச எடை 180 கிலோ. ஹோபி டைகர், நாக்ரா இன்ஃப்யூஷன் எல்லாம் இந்த விதிக்குள் பிறந்தவை. எடை கூடியவர்களும் சமமாகப் போட்டியிட வேண்டும் என்று பெரிய முன்பாய், பெரிய ஸ்பின்னேக்கர் (காற்றோடு போகும்போது முன்னால் விரிக்கும் கூடுதல் பாய்) அவர்களுக்கு, சிறியவை எடை குறைந்தவர்களுக்கு என்று விதியிலேயே பிரித்திருக்கிறார்கள். பழைய படகு வாங்கும்போது கூட வருவது பெரிய பாயா சிறியதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் இது வேகமான, நுணுக்கமான படகு. ஸ்பின்னேக்கரை முதல் வருடம் பைக்குள்ளேயே வைத்திருக்கும் கட்டுப்பாடு இருந்தால் மட்டும் எடுக்கலாம்.

220 தாண்டினால், அல்லது மூன்று பேர் என்றால், ஆறு மீட்டர் வகையைப் பாருங்கள்: நாக்ரா 6.0, ஹோபி 20. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த டொர்னாடோவும் ஆறு மீட்டர்தான், ஆனால் மூன்று மீட்டர் அகலம் இருப்பதால் சாலையில் கொண்டுபோகக் கழற்றியோ சாய்த்தோ ஏற்ற வேண்டும். புதியவருக்கு வேண்டாம்.

பந்தயமே வேண்டாம், நாலு பேர் சேர்ந்து நனைந்துகொண்டு சுற்றினால் போதும் என்பவர்களுக்கு ஹோபி கெட்டவே (Getaway). பாலிஎத்திலீனில் வார்த்தது; 5 மீட்டர் நீளம், 177 கிலோ, 450 கிலோ வரை ஏற்றலாம். வேகம் குறைவு, ஆனால் கல்லில் இடித்தாலும் ஃபைபர் படகுபோல உடனே பழுதுபார்க்கத் தேவையில்லை.

நம் உடம்புக்கு இடம் இருக்கிறதா

வாங்குவதற்கு முன் கரையிலேயே படகின் மேல் ஏறி உட்காருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம், பாயின் கீழ்க்கட்டை அடியில், முழங்காலில் நகர்ந்து போய்ப் பாருங்கள். ஹோபி 16-இல் கட்டை தாழ்வு. அகன்ற தோளும் மிதவை அங்கியும் அதில் மாட்டிக்கொண்டால் திருப்பம் ஒவ்வொன்றும் மல்யுத்தம்தான். டார்ட் 18-இல் அந்தக் கட்டையே கிடையாது. வலையில் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். தொட்டில்போல இறங்கினால் கடலில் ஒவ்வொரு அலையும் உட்காரும் இடத்தில் அடிக்கும். வலையை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் புது வலைக்கான பணத்தை விலையில் கழிக்க வேண்டும்.

கவிழ்ந்தால் நிமிர்த்துவதில் நமக்கு லாபம். ஹோபி 16-ஐ நிமிர்த்த 135 கிலோ அளவுக்கு எடை வேண்டும். எடை குறைந்தவர்கள் அதற்குத் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டுத் திண்டாடுவார்கள்; நாம் இருவரும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாலே பாய்மரம் எழுந்து வந்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகு. தண்ணீரிலிருந்து 100 கிலோ உடம்பை, களைத்த கையோடு, வலைமேல் ஏற்ற வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, நாங்களும் நடுத்தண்ணீரில்தான் தெரிந்துகொண்டோம். முன் குழாயிலிருந்து கால் வைக்கும் அளவுக்கு ஒரு கயிற்று வளையம் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாதம் அதில் பதிந்தால் போதும், மற்றதைத் தொடை பார்த்துக்கொள்ளும். மார்பளவு தண்ணீரில் நின்று, காலைத் தரையில் ஊன்றாமல், ஐந்து தடவை ஏறிப் பழகிவிட்டுத்தான் ஆழத்துக்குப் போக வேண்டும். தனியாக ஏற முடியாதவர் இன்னும் கிளம்பத் தயாராகவில்லை என்றே நான் சொல்வேன்.

பழைய படகைச் சோதிப்பது

கனமானவர்கள் ஓட்டும்போது ஒவ்வொரு இணைப்பிலும் கூடுதல் பாரம் விழும். எனவே மற்றவர்களைவிட நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். முன் குழாய்க்கு முன்னால் ஹல்லின் மேற்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது 'நொளுக்' என்று உள்ளே போனால், ஃபைபர் அடுக்குகள் உள்ளே பிரிந்துவிட்டன என்று பொருள். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'டிக் டிக்' என்று சொல்லும், பிரிந்த இடம் சொத சொதவென்று மழுங்கும். அப்படி ஒரு ஹல்லை விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்க வேண்டாம்.

டேகர்போர்டு இறங்கும் குழியின் விளிம்பில் விரிசல், சுக்கான் மாட்டும் இடத்தில் ஆட்டம், குழாய் ஹல்லோடு சேரும் போல்ட் சுற்றிலும் கீறல், இவற்றைப் பாருங்கள். ஒருவர் ஒரு அணியத்தைத் தூக்கிப் பிடிக்கட்டும். மற்ற அணியம் கூடவே எழாமல் தனியாகத் தரையிலேயே இருந்தால் இணைப்புகள் தளர்ந்துவிட்டன.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளையும் டிராபீஸ் கம்பிகளையும் பஞ்சுத் துணியால் மேலிருந்து கீழ்வரை உருவுங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அந்தக் கம்பியை மாற்றியே ஆக வேண்டும்; அதில் தொங்கப் போவது 65 கிலோ ஆள் அல்ல. கம்பிகளின் வயதே தெரியவில்லை என்றால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. பாயில் துணி தொய்ந்து பைபோல் ஆகியிருந்தால் அதற்கும் விலையில் கழியுங்கள். கச்சையை மட்டும் படகோடு வருவதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் இடுப்புக்குப் பொருந்தாத கச்சை தொங்கும்போது விலாவுக்கு ஏறி மூச்சை அடைக்கும்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது

ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். படகுக்காரர் கூட வருகிறேன் என்றால் மூன்று பேர் எடையாகிவிடும், அதில் ஒன்றும் தெரியாது. உங்கள் கூட்டாளியோடு, ஈர எடையோடு, நீங்கள் மட்டும் போக வேண்டும். படகுக்காரரைக் கரையில் நிற்கச் சொல்லுங்கள். இதுவரை பாய்க்கயிறே பிடித்ததில்லை என்றால் பழகிய ஒருவரை, உங்கள் கூட்டாளியின் எடைக்கு அருகில் இருப்பவரை, அவருக்குப் பதிலாக அழைத்துப் போங்கள். மெல்லிய காற்று நாளாக இருந்தால் இன்னும் நல்லது. பலமான காற்றில் எல்லாப் படகும் நன்றாக ஓடுவதுபோலத்தான் தெரியும்.

மூன்று இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்: முன் குழாய் ஓரம், நடுவில், பின்னால். ஒவ்வொரு இடத்திலும் அமரத்தைத் திரும்பிப் பாருங்கள், அந்தக் 'களக் களக்' சத்தம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். எவ்வளவு முன்னால் போயும் அது நிற்கவே இல்லை என்றால் அந்த ஹல் உங்களுக்குச் சிறியது. பத்துத் திருப்பம் போடுங்கள். நான்கைந்து தடவைக்கு மேல் நடுவில் நின்றுவிட்டால், பழக்கமின்மை ஒரு காரணம்தான், ஆனால் பழகியவர் சுக்கான் பிடித்தும் நின்றால் அது படகின் குறை.

கரையேறியதும் இரண்டு ஹல்லின் பின் மூடிகளையும் திறந்து, அணியத்தைத் தூக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு டம்ளர் வந்தால் பரவாயில்லை. பாத்திரம் நிறைந்தும் ஒழுகிக்கொண்டே இருந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த படகைப் பார்க்கப் போங்கள்.